லெட்டி இளைத்துப்போனாளாம்

தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸ் நகரத்துப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஒரு பாம்பைப் பார்த்து யாராவது "இளைச்சுப் போச்சே" என்று சொல்லிவிட்டால் போதும், அதை வளர்க்கிறவர் கதி அதோகதிதான். கட்டின பெண்டாட்டியைப் பட்டினி போட்டவனைக்கூடச் சங்கத்தார் மன்னித்து, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். பாம்பைப் பட்டினி போட்டவருக்கு மன்னிப்பு கிடையாது.

ஹெஸ்டருக்கு அந்தக் கதி, சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் எடுத்த ஒரு படத்தால் வந்தது. தேவாலயக் கூடத்து மேசையில் அவளுடைய லெட்டி படுத்திருந்தாள். லெட்டி எட்டு வயதுப் போவா மலைப்பாம்பு. பக்கத்தில் சங்கத் தலைவர் ஃபான் பிரிட்ஸ் வளர்க்கும் பர்மிய மலைப்பாம்பு ஜெனரல். படத்தை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். "ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்கு யாரும் சோறு போடறதில்லையா" என்று மார்லீனா முதலில் ஆரம்பித்தாள். அப்புறம் கண்ணீர் வடிக்கும் பொம்மை முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

ஜெனரலுக்குப் பக்கத்தில் வைத்தால் தபால் நிலையத் தூண்கூட இளைத்துத்தான் தெரியும். அவனுடைய முதுகெலும்பு இரண்டு பக்கத்துக் கொழுப்புக்கும் நடுவே வாய்க்கால் மாதிரிப் பள்ளத்தில் கிடந்தது. திரும்பினால் உடம்பு மடிப்பு மடிப்பாக மடங்கும், செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நடுவில் தோல் வெளுத்துத் தெரியும். வயிறு முடிந்து வால் ஆரம்பிக்கும் இடத்தில், பூசணிக்காயில் காம்பு செருகினதுபோல் சட்டென்று சிறுத்துப் போயிருக்கும். சங்கத்தார் அவனைச் சுற்றி நின்று "என்ன உடம்பு, என்ன உடம்பு" என்று சொக்கிப்போவார்கள். ஃபான் பிரிட்ஸ் பெருமையை மறைக்க இருமுவார்.

லெட்டியின் உடம்பைப் பார்க்க ஹெஸ்டருக்குத் தராசு தேவைப்பட்டதில்லை, உள்ளங்கை போதும். மேலிருந்து கீழாகத் தடவினால் முதுகெலும்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆனால் கையில் குத்தக் கூடாது. இரண்டு விலாவும் தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். வால்வரைக்கும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போக வேண்டும். லெட்டி அப்படித்தான் இருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு எலி, அது செரிக்கிறவரை யாரும் தொடக் கூடாது. எட்டு வருஷமும் இதே கணக்குதான்.

இதைக் குழுவில் எழுதியும் பார்த்தாள். "மூணு வாரத்துக்கு ஒண்ணா?" என்று மட்டும் ஃபான் பிரிட்ஸ் பதில் போட்டார். அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகு யாரும் ஹெஸ்டரிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று பேர் வீட்டுக்கு வந்து லெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று தகவல் மட்டும் வந்தது. இளைத்திருக்கிறாள் என்று தீர்ப்பானால், தேற்றுவதற்காக லெட்டியை ஃபான் பிரிட்ஸ் தன் வீட்டுக்கு எடுத்துப்போவார். அது சங்கத்து விதி.

தேற்றுவது எப்படியிருக்கும் என்று ஹெஸ்டருக்குத் தெரியும். போன வருஷம் டிர்க் என்ற கார் மெக்கானிக்கின் பாம்பை அப்படித்தான் தேற்றக் கொண்டுபோனார்கள். சாட்டை மாதிரிச் சுறுசுறுப்பாக இருந்த பாம்பு. ஃபான் பிரிட்ஸ் வீட்டில் வாரத்துக்கு இரண்டு வேளை தின்று, குளிர்காலம் முடிவதற்குள் ஈரலில் கொழுப்பு ஏறிச் செத்துப்போயிற்று. தோட்டத்தில் குழி வெட்டி, போதகர் தெரோன் ஜெபம் பண்ணிப் புதைத்தார். "போனாலும் நல்ல உடம்போட போச்சு" என்று எல்லாரும் டிர்க்குக்கு ஆறுதல் சொன்னார்கள். டிர்க் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்கே வரவில்லை.

தீர்ப்புச் சொல்ல வரும் மூவர் ஃபான் பிரிட்ஸ், போதகர் தெரோன், மார்லீனா. மூன்று பேரும் கெட்டவர்கள் என்றால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் நல்லவர்கள். பசி என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்குகிறவர்கள். சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: பாம்பு இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு நாம் பிஸ்கட் வாங்கிப் போகிறோமே, அந்த மாதிரி, ஃப்ரீசரில் உறைய வைத்து இளக்கின ஒரு எலியை ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுபோவார்கள். ஹெஸ்டர் வீட்டில் மட்டும் அது நடக்காது. "இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் சாப்பாடு" என்று வாசலிலேயே டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கல்நெஞ்சக்காரி என்று அவளுக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

அந்த வாரம் முழுவதும் ஹெஸ்டருக்கு மருந்துக்கடை வேலையில் மனது ஓடவில்லை. ஊரே ஒரு பேச்சைச் சொன்னால், நாம் பார்த்ததே நமக்குச் சந்தேகமாகிவிடும். புதன்கிழமை சாயங்காலம் லெட்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினாள்.

"லோரன்ஸ், நீ சொல்லு. நெஜமாவே இளைச்சிருக்காளா?" என்று கணவனைக் கேட்டாள்.

லோரன்ஸ் சுரங்கத்தில் லிஃப்ட் இயக்குகிறவனாக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன். பிறந்ததிலிருந்து யாருக்கும் முடியாது என்று சொல்லாதவன். வாசலில் துடைப்பம் விற்க வருகிறவனிடம் ஒவ்வொரு முறையும் ஒரு துடைப்பம் வாங்கி, கொட்டகையில் பதுக்கி வைத்திருக்கிறான்.

"எனக்கென்ன தெரியும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கழுத்துகிட்ட கொஞ்சம்..." என்று இழுத்தான்.

"பாம்புக்கு ஏதுடா கழுத்து?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்தபோது காபிக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. லோரன்ஸ் கோப்பை கழுவி அவள் பார்த்ததில்லை. தீர்ப்பை நினைத்து அவனுக்கும் கவலை போலிருக்கிறது, அதுதான் ஒத்தாசை பண்ணுகிறான் என்று மனது இளகிப்போனாள். வெள்ளிக்கிழமையும் கழுவியிருந்தான். ரஸ்க் டப்பா பாதி காலியாகியிருந்தது. லெட்டி கூண்டுக்குள் கவிழ்த்து வைத்திருந்த தன் மறைவுப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தாள். பெட்டிக்குள் போய்ப் படுத்த பாம்பை எழுப்புவது ஹெஸ்டருக்குப் பிடிக்காது, விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விடியும்போதே மின்சாரம் போயிற்று. லெட்டியின் கூண்டில் சூடு குறைந்துகொண்டே வந்தது. ஹெஸ்டர் கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, புட்டியில் ஊற்றி, துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தாள். அதற்குள் ஃபான் பிரிட்ஸின் பிக்கப் வண்டி வாசல் கேட்டுக்கு வெளியே வந்து ஹாரன் அடித்தது. வண்டியின் பின்னால் ஒரு மரப்பெட்டி, மூடியில் காற்றுத் துளைகளோடு. தீர்ப்புக்கு முன்னாலேயே பெட்டி தயாராக வந்திருப்பதை ஹெஸ்டர் பார்த்தாள்.

மூன்று பேரும் காபி குடித்தார்கள். சங்கத்தில் எந்தத் தீர்ப்பும் காபி இல்லாமல் சொல்லப்படுவதில்லை.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. நாங்க பாம்போட நன்மைக்குத்தான் வந்திருக்கோம்" என்றார் ஃபான் பிரிட்ஸ்.

"தெரியும் மாமா" என்றாள் ஹெஸ்டர். சங்கத்தில் இளையவர்கள் எல்லாருக்கும் அவர் மாமாதான்.

"ஏதேன் தோட்டத்துலகூடப் பார்த்தீங்கன்னா," என்று போதகர் தெரோன் ரஸ்கைக் காபியில் தோய்த்தபடி ஆரம்பித்தார், "அந்தப் பாம்பு இளைச்சிருந்ததா எங்கயும் எழுதல."

"கொழுத்திருந்ததாவும் எழுதல போதகரய்யா."

போதகர் யோசித்தார். அவர் யோசிப்பதற்குள் ரஸ்க் உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

கூண்டு இருக்கும் அறைக்குப் போனார்கள். ஹெஸ்டர் மறைவுப்பெட்டியைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. லெட்டியின் நடு உடம்பு ஒரு இடத்தில் மட்டுமல்ல, அடுத்தடுத்துப் பல இடங்களில் புடைத்திருந்தது. சாக்குக்குள் உருளைக்கிழங்கைப் போட்டுக் கட்டின மாதிரி இருந்தது.

"யாரு இவளுக்குச் சாப்பாடு போட்டது?" என்றாள் ஹெஸ்டர்.

கதவோரமாக நின்ற லோரன்ஸ், கூடத்தில் இருந்த தொலைக்காட்சியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்சாரம் இன்னும் வரவில்லை.

ஃபான் பிரிட்ஸ்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "இதென்னம்மா வேலை? வருஷம் பூராப் பட்டினி போட்டுட்டு, தீர்ப்புக்குப் பயந்து ராத்திரியோட ராத்திரியாத் திணிச்சா நாங்க ஏமாந்துருவோமா?"

"நான் போடல மாமா. சத்தியமாப் போடல. கையெடுத்துக் கும்பிடறேன், இப்போ தூக்காதீங்க. கூண்டும் ஆறிப்போய்க் கிடக்கு. வயித்துல இருக்கறதக் கக்கிடுவா. இத்தனையும் கக்கினா உசிருக்கே ஆபத்து."

"தூக்காம எப்படிம்மா எடை பார்க்கறது? பாம்பு தூக்கி நரைச்ச கை இது."

கை நரைக்காது என்று சொல்ல அங்கே யாருக்கும் தெம்பில்லை. அவர் குனிந்தார். ஹெஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்தாள். ஃபான் பிரிட்ஸ் பெரிய மனிதர், அவள் பிடித்ததையே கவனிக்காமல் லெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் காற்றில் நிறுத்தி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

லெட்டி வாயைத் திறந்தாள். உடம்பில் அலை அலையாக ஒரு நடுக்கம் ஓடியது. முதலில் ஒரு பெரிய எலி தரையில் வந்து விழுந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் பழுப்புப் பட்டை. பின்னால் இன்னொரு எலி வந்தது, அதற்கு வால் இல்லை. கடைசியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாதி கரைந்த இரண்டு சுண்டெலிகள். அறையில் எழுந்த நாற்றத்தை எழுதத் தேவையில்லை.

பட்டை எலி தென்னாப்பிரிக்காவில் வேறெங்காவது இருக்கலாம், ஸ்பிரிங்ஸில் ஃபான் பிரிட்ஸின் கொட்டகையில்தான் இருந்தது. மக்காச்சோளக் களியும் இறைச்சிக் குழம்பும் ஊற்றி அவர் சொந்தமாக வளர்க்கும் எலி, அதைப் பற்றிப் பேசாத கூட்டமில்லை. வால் நறுக்கின எலி மார்லீனாவுடையது. எலி வாலைக் கண்டால் அவளுக்குக் குமட்டும், கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் டப்பாவில் வைப்பாள். சுண்டெலி தின்னும் சின்னப் பாம்புகளை வைத்திருப்பவர் அந்த மூவரில் போதகர் ஒருவர்தான். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள், பிறகு மற்ற இருவரையும் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"எங்க வீட்டுல வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் போய் ஃப்ரீசர்ல எல்லாம் இளகிப் போச்சு" என்று மார்லீனா அழுவதுபோல ஆரம்பித்தாள். "வீணாப் போகுதே, இந்தப் பிள்ளையாவது திங்கட்டுமேன்னு வெள்ளிக்கிழமை காலைல வந்தேன். நான் ஒருத்திதான் வந்தேன்னு நெனைச்சேன்."

"நான் வியாழக்கிழமை" என்றார் போதகர், தன் காலணியிடம். "சின்னதுதானே, ரெண்டுதானே. தீர்ப்புச் சொல்ல வர்றவன் இதைப் பண்ணக் கூடாதுன்னு தெரியும். மனசு கேக்கல."

ஃபான் பிரிட்ஸ் எந்தக் கிழமை என்று சொல்லவில்லை. லெட்டியைக் கூண்டில் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"சரி. நாம போட்டோம், தப்புதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மூணு பேர் போட்டதையும் ஒண்ணு விடாமத் தின்னிருக்கே. எவ்வளவு பசி இருந்திருக்கணும்?"

மார்லீனாவும் போதகரும் நிமிர்ந்தார்கள். தப்பு செய்த மனிதனுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் அவன் முகத்தில் வருகிற நிம்மதியை ஹெஸ்டர் அன்றைக்குத்தான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள்.

"ஆமா, பசியில்லாத பாம்பு வேண்டாம்னு சொல்லியிருக்கும்" என்றாள் மார்லீனா.

"அதுவும் சரிதான்" என்றார் போதகர்.

"கக்கினதே அதுக்குத்தான். பட்டினி கிடந்து குடல் சுருங்கிப் போச்சு. மார்லீனா, போய் வண்டியில இருக்கற பெட்டியைக் கொண்டா."

போவா ஒரு தடவை கக்கினால் தேறுவதே பெரிய பாடு. கக்கின வயிற்றில் உடனே இன்னொரு எலியைத் தள்ளினால் செத்துப்போகும். ஃபான் பிரிட்ஸ் தள்ளுவார். இன்றைக்குச் சாயங்காலமே, கண்கலங்க, செல்லமே என்று கொஞ்சிக்கொண்டு தள்ளுவார். அவள் கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மார்லீனா வெளியே போகத் திரும்பினாள். போக முடியவில்லை. வாசற்படியில் லோரன்ஸ் நின்றான். லோரன்ஸ் குறுக்கே நின்றால் அந்த வீட்டின் எந்தக் கதவிலும் இடம் மிச்சமிருக்காது.

"கொஞ்சம் நகரு லோரன்ஸ்."

"மாட்டேன்" என்றான் லோரன்ஸ்.

அந்தச் சொல் அவன் வாய்க்குப் புதிது. சொல்லிவிட்டு அவனே ஒரு நிமிஷம் திகைத்து நின்றான்.

"தம்பி, இது சங்கத்து முடிவு" என்றார் ஃபான் பிரிட்ஸ்.

"இருக்கட்டும் மாமா. நீங்க மூணு பேரும் தனித்தனியா வந்தீங்க. காபி குடுத்தேன். எலி போடணும்னீங்க, சரின்னேன். ஹெஸ்டர்கிட்ட சொல்லாதேன்னீங்க, அதுக்கும் சரின்னேன். கோப்பைய வேற கழுவி வெச்சேன். அவ என்னை நல்லவன்னு நெனைச்சுக்கிட்டா. பாம்பை எடுத்துட்டுப் போகவும் சரின்னு சொல்லணுமா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். பெட்டி உள்ள வராது. நீங்க ஒவ்வொருத்தரா வெளிய போலாம், நான் வழி விடறேன்."

அவன் ஒருக்களித்து நின்று வழிவிட்டான். முதலில் மார்லீனா போனாள். போதகர் போகும்போது "தேவன் உன்னை மன்னிக்கட்டும்" என்றார், யாரை என்று சொல்லவில்லை. ஃபான் பிரிட்ஸ் கடைசியாகக் கூண்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. "எலும்பும் தோலுமா ஆகப்போவுது, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஹெஸ்டரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். அவள் கவனமெல்லாம் கூண்டிலேயே இருந்தது. தரையைக் கழுவினாள், கூண்டைச் சூடாக்கினாள், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினாள். லெட்டி தலையைத் தரையில் போட்டுக் கிடந்தாள். ஹெஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள். லோரன்ஸ் கதவருகே வந்தான்.

"ஹெஸ்டர், நான்..."

"இப்போ பேசாத. இன்னிக்கு நீ பண்ணினது எனக்கு மறக்காது. வியாழக்கிழமை பண்ணினதும் மறக்காது. ரெண்டையும் என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல."

அவன் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

கக்கின வயிறு ஆறுகிறவரை லெட்டிக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. லெட்டி இளைத்தாள். இப்போது நிஜமாகவே இளைத்தாள். ஹெஸ்டர் தடவும்போது முதுகெலும்பு உள்ளங்கையில் குத்தியது, விலாவில் தோல் தளர்ந்து சுருங்கியது. மூன்று நல்லவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அவர்கள் சொன்ன மாதிரியே ஆகிவிட்டாள். தெருவில் மார்லீனா எதிரே வந்தால் தன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்து, ஹெஸ்டர் வேறு கடையில் ரொட்டி வாங்கினாள்.

நான்காவது வாரத்தின் ஒரு மாலையில், விரல் நீளத்துக்கு ஒரு குட்டி எலியை இடுக்கியில் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டினாள். லெட்டி வெகுநேரம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி கக்கவில்லை. மறுநாளும் கக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் லெட்டி தலையைத் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

லோரன்ஸ் பின்னால் வந்து நின்றான். லெட்டியின் முதுகில் வரிசையாகத் தெரிந்த எலும்பைப் பார்த்தான். அவன் வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

"அடுத்தது எப்போ?" என்றான்.

"ரெண்டு வாரம் கழிச்சு. அதுவும் சின்னதுதான்."

"இந்த உடம்புக்கா?"

"இந்த உடம்புக்குத்தான்."

லோரன்ஸ் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றான். அப்படி நிற்பது அவனுக்கு எவ்வளவு சிரமம் என்று ஹெஸ்டருக்குத் தெரியும். நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.